இரண்டு முறை ஊதுகிறவன்

முதல் தடவை ஊதி முடித்தாலும் குழாயை வாயிலிருந்து எடுக்கமாட்டான். மெஷின் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுப் பூஜ்யம் காட்டும். அதை அவன் பார்க்கமாட்டான், என்னைப் பார்ப்பான். நான் அவன் கண்ணுக்குக் கீழே பார்ப்பேன். "இன்னொரு தடவை" என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மூச்சை இழுத்துக்கொண்டு தயாராக நிற்பான். இரண்டாவது பூஜ்யமும் வந்த பிறகுதான் பஸ் சாவி அவன் கைக்குப் போகும். மூன்று வருஷம் இப்படித்தான் நடந்தது.

நான் இந்த டெப்போவின் டைம் கீப்பர். காலையில் வண்டி எடுக்கும் டிரைவர்களை வரிசையில் நிறுத்தி, குடித்திருக்கிறார்களா என்று ஊதவைத்துப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு சாவி கொடுப்பது என் வேலை. ஒரு ஆளுக்கு ஒரு குழாய். காகித உறையைக் கிழித்துப் புதுக் குழாயை மெஷினில் செருகவேண்டும், ஊதியதும் கழற்றிக் கூடையில் போடவேண்டும். சட்டப்படி ஒரு தடவை ஊதினால் போதும். டைம் கீப்பருக்குச் சந்தேகம் வந்தால் இரண்டாம் தடவை. அதற்குப் புதுக் குழாய் கிடையாது, அதே எச்சில் குழாய்தான். அடுத்த ஆள் வந்தால்தான் அடுத்த உறையைக் கிழிப்போம். நோட்டில் 'இரண்டாம் முறை, காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அவன் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தில் நான் தினமும் ஒரே வார்த்தையைத்தான் எழுதிவந்தேன்: முகத்தோற்றம்.

அந்த முகத்தைச் சொல்லிவிடுகிறேன். வயது இருபத்தாறு. நல்ல உயரம், சீராக வாரிய தலை, துவைத்துத் தேய்த்த சட்டை. எல்லாம் சரி. ஒவ்வொரு கண்ணுக்குக் கீழும் மட்டும் ஒரு பை. ஊறவைத்த மொச்சைக்கொட்டையைத் தோலுக்கடியில் செருகிவைத்தது போல. சிரித்தால் பை மேலேறிக் கண் பாதி மூடிக்கொள்ளும். சிரிக்காவிட்டால் மூன்று நாள் கண் விழித்தவன் மாதிரி இருப்பான். டெப்போவில் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். வைத்தது யாரென்று ஞாபகமில்லை, நானாகக்கூட இருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால் அவனைப் போலத் தூங்குகிறவன் எங்கள் குடியிருப்பிலேயே கிடையாது. அவன் வீடு எனக்கு எதிர்வீடு, அதனால் தெரியும். ஒன்பது மணிக்கு அவன் அறை விளக்கு அணைந்துவிடும். பக்கத்தில் இடி விழுந்தாலும் நாலரைக்குத்தான் எழுவான். "தூக்கத்துக்குன்னு ஒரு ஆபீஸ் இருந்தா நான்தான் சார் அங்க மேனேஜர்" என்பான். ஆனாலும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் யாராவது ஒருவர் ஏறும்போதே "ராத்திரி தூங்கலையா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். முதலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு தலையை மட்டும் ஆட்ட ஆரம்பித்தான்.

குடியைப் பொறுத்தவரை அவனுடைய சுத்தம் எரிச்சலூட்டும் அளவுக்குப் போகும். இருமல் மருந்து குடிக்கமாட்டான், அதில் போதை கலந்திருக்குமாம். வாய் கொப்பளிக்கும் மருந்தைத் தொடமாட்டான். யாராவது ஓய்வுபெற்றால் வெட்டுகிற கேக்கை வாங்கி, முகர்ந்து பார்த்து, பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிடுவான். ஒரு கூட்டாளியின் கல்யாண விருந்துக்குப் போய் வாசலிலேயே மொய்க்கவரைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவந்திருக்கிறான். "உள்ள பாட்டில் இருக்கு சார். சட்டையில வாசனை ஒட்டிக்கிட்டா காலையில யாருக்குப் பதில் சொல்றது?" என்றான். எனக்குத்தான் பதில் சொல்லவேண்டும். அதை அவன் சொல்லவில்லை, அவ்வளவு மரியாதை.

சின்ன வயதில் என்னை மாமா என்று கூப்பிட்டவன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சார்தான்.

இந்தப் பைகளைக் கரைக்க அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவனோடு ஓடும் கண்டக்டர் அம்மாவை அவன் அக்கா என்பான். அந்த அக்காவிடம் வைத்தியத்துக்குப் பஞ்சமே கிடையாது. வெள்ளரி வட்டம், உருளைக்கிழங்குத் துருவல், ஆறிய தேயிலைப் பை என்று வாரம் ஒன்று சொல்வாள். "என் மூஞ்சி என்ன சாலட் தட்டாக்கா?" என்று கேட்டுக்கொண்டே அத்தனையும் செய்தான். சாப்பாட்டுப் பையில் பனிக்கட்டி டப்பாவுக்குள் இரண்டு கரண்டி வைத்திருப்பான். ஒவ்வொரு நடை முடிந்ததும் அவற்றைக் கண்ணுக்குக் கீழே ஒற்றிக்கொள்வான். உப்பைக் குறைத்தான். இரண்டு தலையணை வைத்துப் படுத்தான். காபிச்சத்து சேர்த்த கிரீம் வாங்கித் தடவினான். அது தோலை இரண்டு மணி நேரம் இழுத்துப்பிடித்துவிட்டுக் கைவிட்டது. மருந்துக் கடைக்காரர் ஒவ்வாமையாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார். உறையில் 'வாகனம் ஓட்டக்கூடாது' என்று அச்சடித்திருந்தது. "தூங்குற மாதிரி தெரியக்கூடாதுன்னு மாத்திரை போட்டா நிஜமாவே தூங்கிடுவேன் போல" என்று குப்பையில் போட்டான்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டு போகிற காலம். அந்த வீடியோ வந்ததும் சிரிப்பு நின்றது. சிக்னலில் பஸ் நிற்கிறது, வெயில் முகத்தில் அடிக்கிறது, அவன் கண்ணைச் சுருக்குகிறான். பக்கத்துக் காரிலிருந்த புண்ணியவான் யாரோ எட்டு வினாடி படம் பிடித்து, 'போதையில் பஸ் ஓட்டும் டிரைவர், உங்கள் பிள்ளைகள் இந்தப் பஸ்ஸில்தான் போகிறார்களா?' என்று எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். அன்று காலை அவன் ஊதிய இரண்டு பூஜ்யங்களும் என் நோட்டில் இருந்தன. அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

மேனேஜர் கூப்பிட்டார். நோட்டை எடுத்துக்கொண்டு நானும் போனேன். "மெஷின் பூஜ்யம்னு சொல்லுது, எனக்குத் தெரியும். ஆனா பயணிங்க மெஷினைப் பார்க்கிறதில்லையே, உன் முகத்தைத்தானே பார்க்கிறாங்க" என்றார். நோட்டைப் புரட்டி அந்தக் கட்டத்தில் விரல் வைத்தார். "நம்ம டைம் கீப்பரே தினம் சந்தேகப்பட்டு எழுதியிருக்காரே. மூணு மாசம் டைம் தரேன், அதுவரைக்கும் யார்டுல இரு. முகத்தைச் சரி பண்ணிட்டு வா. இல்லேன்னா நிரந்தரமா யார்டுதான்." நான் எதற்காக அந்த நோட்டை எடுத்துப் போனேனோ அதற்கு நேர்மாறாக அது வேலை செய்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

யார்டு என்றால் பஸ்ஸைக் கழுவும் இடத்துக்கு ஓட்டிப்போய், கழுவியதும் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவது. போக நாற்பது அடி, வர நாற்பது அடி. முதல் கியரைத் தாண்ட வழியில்லை. ஆற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது மூன்றாவது கியரில் இன்ஜின் பாட்டுப் பாடும் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவன் அவன். யார்டில் சேர்ந்த மறுநாள் என்னிடம் வந்து, "சார், இமை ஆபரேஷன் பண்ற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்களாம். கண்ணுல மருந்து விடுவாங்க, திரும்பி வர துணைக்கு ஒரு ஆள் வேணுமாம். அம்மாவுக்கு ஷிப்ட்" என்றான். போனேன்.

டாக்டர் முதலில் தைராய்டு, சிறுநீரகம் என்று எடுத்துவந்த ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்து, கோளாறில்லை என்று ஒதுக்கி வைத்தார். "தூக்கம்?" என்று கேட்டார். "ஏழரை மணி நேரம் டாக்டர்." "குடி?" "தொட்டதில்லை." அவர் தலையாட்டி எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். ஒரே தடவை கேட்டு நம்பிய ஆளை அன்றுதான் அவன் பார்த்தான்.

கண்ணை மூடச் சொல்லி மேல் இமையின்மேல் விரலால் லேசாக அழுத்தினார். கீழே பைகள் இன்னும் பிதுங்கின. "இது வீக்கம் இல்ல, கொழுப்பு. எல்லாருக்கும் கண்ணைச் சுத்தி மெத்தை மாதிரி இருக்கிறதுதான். அதைத் தாங்குற சவ்வு உங்களுக்குப் பிறவியிலேயே தளர்ச்சி, அதான் முன்னால வந்து நிக்குது. தூங்கினாலும் போகாது, தூங்காததால வந்ததும் இல்ல. வீட்ல வேற யாருக்கு இருந்துச்சு?"

"அப்பாவுக்கு. ஆனா அவருக்குக் குடியால வந்ததுன்னு சொல்வாங்க."

"குடிச்சா முகமே உப்பும், அப்புறம் வடியும். உங்களுக்கு இருக்கிறதைப் பார்த்தா அவருக்கும் இதேதான் இருந்திருக்கும். குடிச்சாலும் இருந்திருக்கும், குடிக்கலைன்னாலும் இருந்திருக்கும்."

நாற்காலியில் நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு வழிகளைச் சொன்னார். இது நோயே இல்லை, அப்படியே விட்டுவிடலாம். கிரீமெல்லாம் தோலோடு நிற்கும், கொழுப்பைத் தொடாது. பைக்குக் கீழே இருக்கும் பள்ளத்தை ஊசியால் நிரப்பி மேட்டை மறைக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய பைக்கு அது சரிவராது, நீர் கோத்து இன்னும் மோசமாகலாம். லேசர் சுருக்கத்துக்குத்தான். மிச்சம் ஆபரேஷன். "கீழ் இமையோட உள்பக்கமா போய்க் கொழுப்பை எடுப்போம். வெளியில தழும்பு தெரியாது. ரெண்டு வாரம் கன்னிப்போய் இருக்கும். கண் உலர்ந்துபோகலாம், இமை கொஞ்சம் இறங்கலாம். ரொம்ப ரொம்ப அபூர்வமா உள்ளே ரத்தம் கட்டிப் பார்வைக்கே ஆபத்து வரலாம். நீங்க டிரைவர். அவசரப்படாம யோசிச்சு வாங்க."

மருந்து விட்ட கண்ணோடு என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் தெருவில் நடந்தான். எதிரே வருவது மாடா மனிதனா என்று தெரியாத நிலை. நிறுத்தத்தில் உட்காரவைத்தேன். கையை எடுக்காமலே கேட்டான்:

"அப்பா மேல நீங்க எழுதின ரிப்போர்ட்ல என்ன இருந்துச்சு சார்?"

எழுதியது நான்தான் என்பது அவனுக்குத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவன் அப்பாவும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் குடித்தது உண்மை. மகனுக்கு ஏழு வயதாகும்போது விட்டுவிட்டேன் என்றார். யாரும் நம்பவில்லை. அப்போது மெஷின் ஏது? டைம் கீப்பரின் கண்ணும் மூக்கும்தான் மெஷின். ஒருநாள் காலை வரிசையில் நின்றவரின் கண்ணுக்குக் கீழே பார்த்தேன். எழுதினேன்.

"'கண்கள் வீங்கி, கீழே பை தொங்கிய நிலையில் பணிக்கு வந்தார். மது அருந்தியதாகத் தெரிகிறது'ன்னு எழுதினேன்" என்றேன்.

"வாசனை?"

"அதை எழுதலை."

"அடிச்சுதா சார்?"

ஒரு பஸ் வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. "இல்லை" என்றேன்.

அவன் கை என் தோளிலேயே இருந்தது. ஓர் அறை விட்டிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். "நம்ம பஸ் வந்தா சொல்லுங்க சார், எனக்கு நம்பர் தெரியலை" என்றான்.

அந்த ரிப்போர்ட்டால் வேலை போன பிறகு அவர் மறுபடியும் குடித்தார். சொல்லியும் நம்பாதவர்கள் மத்தியில் குடிக்காமல் இருந்து என்ன என்று நினைத்திருப்பார். அதைப் பார்த்து, "நான் சொன்னது சரியாப் போச்சா?" என்று நாலு பேரிடம் சொன்னவன் நான். எட்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

வீட்டில் கொண்டுவிட்டபோது அவன் அம்மா ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். ஆஸ்பத்திரிச் சலவையகத்தில் துணி தேய்க்கிறவர். மகனைப் பார்த்ததும், "வெளிச்சத்துக்கு வா" என்று மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். இது அவருடைய பழைய பழக்கம். புருஷன் இருந்தவரை காலையில் இதே ஜன்னலில் அந்த முகத்தைத் திருப்பிப் பார்ப்பார். பையைப் பார்த்துவிட்டு, "குடிக்கலைன்னு என்கிட்டயே சொல்றீங்களா?" என்பார். எங்கள் சமையலறைக்கு அது தெளிவாகக் கேட்கும்.

டாக்டர் சொன்னதை அவன் சொன்னான். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "டாக்டருக்கு என்ன தெரியும்? அந்த மனுஷனோட குடும்பம் நடத்தினது நானா, அவங்களா?" அவன் தடவித் தடவிப் போய்ப் பெட்டியிலிருந்து அப்பாவின் முதல் அடையாள அட்டையை எடுத்துவந்தான். கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முந்தியது. இருபத்து நாலு வயது முகத்தில் இரண்டு மொச்சைக்கொட்டைகளும் இருந்தன. அம்மா பார்த்துவிட்டு, "பாத்தியா, கல்யாணத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கார்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

அவன் இன்னொரு படத்தை எடுத்தான். பள்ளிக்கூடத்தில் வகுப்போடு எடுத்தது. இரண்டாவது வரிசையில், அரைக்கால் சட்டையில், அதே கண்.

"இதுல அவருக்குப் பதிமூணு வயசும்மா."

அந்த அம்மா படத்தை வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்துவைத்துவிட்டு மகனிடம் வந்தார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. "அந்த ஆபரேஷனைப் பண்ணிக்கோப்பா. எடுத்துடு. தினம் இதைப் பார்த்துக்கிட்டு இனிமே என்னால இருக்க முடியாது" என்றார்.

ஒரு வாரம் யோசித்தான். யார்டில் எண்பது அடி ஓட்டிக்கொண்டே யோசித்தான். நான்தான் குமுறினேன். எவனோ வீடியோ எடுத்தான் என்பதற்காகக் கண்ணில் கத்தி வைப்பதா, மேலே எழுதிப்போடு, யூனியனைக் கூப்பிடு, நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்று. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "நியாயம் வரும்னு காத்திருந்தா பஸ் வராது சார். அப்பா காத்திருந்தார்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முகம் இரண்டு வாரம் நாவற்பழ நிறத்தில் இருந்தது, பிறகு மஞ்சளாகி, தெளிந்தது. ஒரு மாதம் கழித்துச் சான்றிதழோடு மேனேஜரைப் பார்க்க வந்தான். அன்று வண்டி கிடையாது, கையெழுத்து வாங்கும் நாள் மட்டும். டெப்போவே கூடிப் பார்த்தது. கண்ணுக்குக் கீழே சமதரை. "புது மாப்பிள்ளை மாதிரி இருக்கியேடா" என்றான் ஒருவன். அந்த அக்கா வெள்ளரிக்காய் இப்போதுதான் வேலை செய்திருக்கிறது என்று சாதித்தாள். மேனேஜர் எழுந்து கை கொடுத்து, "இப்பதான்பா நல்லாத் தூங்கி எழுந்த முகம்" என்றார். வெளியே வந்து என் மேஜைப் பக்கம் நின்றான். "ராத்திரி பொட்டுக்கூடக் கண் மூடலை சார். கண் எரிச்சல் ஒருபக்கம், வண்டி கிடைக்குமோன்னு யோசனை ஒருபக்கம். பொறந்ததுலேருந்து முதல் தடவையா தூங்காம வந்திருக்கேன். ஒருத்தர் கேக்கலை பாருங்க" என்றான். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சிரித்தபோது மேலேறுவதற்கு அங்கே எதுவும் இல்லை. நன்றாக இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்லும் அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. இருபது வருஷமாக நான் தவிர்த்துவந்த ஒருவர் அதிலிருந்து எழுந்து போய்விட்டிருந்தார், நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள்.

மறுநாள், போன செவ்வாய்க்கிழமை, நன்றாகத் தூங்கிவிட்டு வந்தான். வரிசையில் கடைசியாக நின்றான். அவன் முறை வந்ததும் உறையைக் கிழித்துக் குழாயைச் செருகி நீட்டினேன். ஊதினான். கீச், பூஜ்யம். பழக்கதோஷத்தில் அவன் கண்ணுக்குக் கீழே பார்த்தேன். எழுத ஒன்றுமில்லை. 'இரண்டாம் முறை, காரணம்' கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். சாவியை எடுத்து மேஜையில் வைத்து, "போகலாம் தம்பி" என்றேன்.

சாவியை எடுக்கவில்லை. குழாயைக் கழற்றிக் கூடையில் போட்டான். மேஜைமேல் இருந்த பெட்டியிலிருந்து இன்னொரு குழாயை எடுத்து, அதன் உறையை நிதானமாகக் கிழித்தான். யாருக்கு என்று அவன் பின்னால் எட்டிப் பார்த்தேன். அவன் அப்பா அன்று நின்ற அதே வரிசையில் யாரும் இல்லை. புதுக் குழாயை மெஷினில் செருகி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, சத்தம் வரும்வரை ஊதினான். பிறகு மெஷினை என் பக்கம் திருப்பி, நான் படித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றான்.